ஏழுக்குக் கீழே ஒன்று

இந்தக் கதை எனக்கு நேராக வந்தது அல்ல. பத்திரகாளியை நான் பார்த்ததே இல்லை. அவளோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்த கோமதிநாயகி சொன்னது. கோமதி எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள், அதனால் நான் குறைத்தே எழுதுகிறேன். ஒருத்தி மனசுக்குள் ஓடியதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அன்று சாயங்காலம் பத்திரகாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாளாம், முன்னும் பின்னுமாக, ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றைப் பிடித்து. அதே ஓட்டத்தில் எழுதப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத இடம் வரும்போது தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

வினாத்தாள் கொடுத்தாயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்தாயிற்று. இனி கடைசி மணி அடிக்கிற வரைக்கும் அவளுக்கு வேலை நிற்பதும் நடப்பதும்தான். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, சன்னலில் சாயக் கூடாது. அப்புறம் எதற்கு இந்த நாற்காலி, கரும்பலகைக்குப் பக்கத்தில், துண்டு விரித்து? உட்காரக் கூடாது என்று தினமும் ஞாபகப்படுத்தவா? மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. செருப்பு சத்தம் போடக் கூடாது என்று குதிகாலைத் தூக்கி நடக்கிறாள், அதனால் கெண்டைக்கால் இழுக்கிறது, அதற்கும் கோபம் வருகிறது. கையில் மிஞ்சிப்போன ஒரு வினாத்தாள். விசிறிக்கொள்ளலாம் என்று எடுத்தாள். விசிறினால் காற்று வருகிறது, கூடவே பதினேழாவது கேள்வியும் வருகிறது. முகத்துக்கு நேரே வந்து வந்து போகிறது. கீழ்க்கண்டவற்றுள் விகிதமுறு எண் அல்லாதது எது? அ) 3/4. ஆ) −2/5. இ) 6/3. ஈ) −7. எதுவும் இல்லையே. நாலும் விகிதமுறு எண்தானே. மேலே ஒரு முழு, கீழே ஒரு முழு, அது கூட்டலோ கழித்தலோ எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், கீழே இருப்பது பூஜ்யமாக மட்டும் இருக்கக் கூடாது, இவ்வளவுதானே சட்டம்? மைனஸ் ஏழுக்குக் கீழே ஒரு ஒன்றைப் போட்டால் முடிந்தது. போடவே வேண்டாம், அது அங்கேதான் நிற்கிறது. எழுதாததால் இல்லாமல் போய்விடுமா? விசிறினாள். பதினேழு வந்தது. மடித்தாள். மடித்தாலும் உள்ளே இருக்கிறது. விடை ஈ என்று திருத்துகிற அட்டையில் துளை போட்டிருக்கிறார் மூத்த கணக்கு வாத்தியார் அருளானந்தம் சார், எத்தனை வருடத்துக்கு முன்னாலோ. அந்தத் துளை இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, பல் விழுந்த இடம் மாதிரி.

அந்த அட்டை. புடவைப் பெட்டி அட்டையை வெட்டிச் செய்தது, ஓரத்தில் இன்னும் ஜவுளிக்கடைத் தோரணத்தின் சிவப்பு தெரியும். பிள்ளைகள் விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிக் கொடுப்பார்கள். சார் விடைத்தாளின் மேல் அட்டையை வைப்பார். துளைக்குள் கறுப்பு தெரிந்தால் பென்சிலால் ஒரு தட்டு, ஒரு மார்க். கேள்வியையும் பார்க்க மாட்டார், பெயரையும் பார்க்க மாட்டார். டக், டக், டக். அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்திருக்கிறார். “சல்லடைக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாதும்மா, அது பாட்டுக்குச் சலிக்கும்” என்பார். வினாத்தாளும் அதேதான், வருடா வருடம் அதேதான், எழுதி முடித்ததும் எண்ணி வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பிரிவுத் தேர்வு என்று பெயர். எட்டாவது முடிக்கிற பிள்ளைகளை ஒன்பதாவதில் அ, ஆ, இ என்று பிரிக்க. அ பிரிவுக்கு மாடியில் வகுப்பு, ஆய்வகம், மாலையில் சிறப்பு வகுப்பு. இ பிரிவுக்குச் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையை ஒட்டின அறை, வாத்தியார் வந்தால் உண்டு. இ பிரிவில் போட்டாலே சில வீடுகளில் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். சல்லடை பார்த்துச் சொன்னது, அப்புறம் அப்பீல் ஏது? மாவு ஒரு பக்கம், தவிடு ஒரு பக்கம். ஏழு எந்தப் பக்கம்?

காலையில் கேட்டாள். அதையும் சொல்ல வேண்டும், கேட்காமல் இல்லை. ஆசிரியர் அறையில் சார் வினாத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்று, தொண்டையைச் சரிசெய்து, “சார், பதினேழுல ஒரு சின்ன சந்தேகம்” என்றாள். சின்ன என்று ஏன் சொன்னேன்? சந்தேகம் என்று ஏன் சொன்னேன்? எனக்கு என்ன சந்தேகம்? தப்பு சார், என்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் சந்தேகம். மைனஸ் ஏழும் விகிதமுறு எண்தானே சார், கீழே ஒன்று போட்டு எழுதலாமே. அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எழுதலாம். எழுதலாங்கிறது வேற, எழுதியிருக்கிறது வேற. பேப்பர்ல கோடு இருக்கா?”

“இல்ல சார்.”

“கோடு இல்லேன்னா அது முழு. கோடு இருந்தா விகிதமுறு. இவ்வளவுதான் பிள்ளைகளுக்குப் புரியும். நானும் கூடத்தான் கோட்டு சூட்டு போடலாம், போட்டா கலெக்டரா?” பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த உடற்கல்வி சார் சிரித்தார், தேநீர் சட்டையில் சிந்துகிற அளவுக்கு. அப்போதும் விடவில்லை அவள். அப்படியென்றால் இ, ஆறின் கீழ் மூன்று, அதைச் சுருக்கினால் இரண்டு, இரண்டு விகிதமுறு எண் என்றால் மைனஸ் ஏழு மட்டும் ஏன் இல்லை சார்? ஒரே ஒரு நொடி, ஒரு நொடிதான், அவர் முகத்தில் ஏதோ நின்றது. புரிந்துவிட்டது அவருக்கு. அவள் பார்த்தாள். பிறகு அது போய்விட்டது. “பத்ரா டீச்சர், ஹால்ல பிள்ளைக யாராச்சும் கேள்வியில சந்தேகம் கேட்டா என்ன சொல்லணும்?” “படிச்சுப் பாருன்னு சொல்லணும் சார்.” “அதை மட்டும் சொல்லணும். ஜூன்ல நம்ம பெற்றோர் கழகத்துல மறுபடி பேசணும்லா உங்களுக்காக? வம்பு வேண்டாம்மா.” அவ்வளவு மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

பத்ரா டீச்சர். அதுவும் ஒரு எரிச்சல். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குத் தலைமையாசிரியை சான்றிதழைப் பார்த்துவிட்டு, “பத்திரகாளியா? சின்னப் பிள்ளைக பயந்துரும்மா, பத்ரான்னு வச்சுக்கிடலாம்” என்றார். தலையாட்டினாள். நிரந்தரம் இல்லாத வேலை, பெற்றோர் கழகத் தீர்மானத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு வருடம் ஓடுகிற வேலை, அதில் பேருக்கு என்ன நிரந்தரம்? ஆறின் கீழ் மூன்றை இரண்டு என்று எழுதினால் மதிப்பு மாறாது. பத்திரகாளியைப் பத்ரா என்று எழுதினால்? மாறாது என்றுதான் அப்போது நினைத்தாள். ஊரில் அம்மா யாரிடம் போனில் பேசினாலும், “எம்மவ காளி பெரிய பள்ளியோடத்துல டீச்சரா இருக்கா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியாது. அம்மா இந்நேரம் உப்பளத்தில் நிற்பாள், பாத்தியில், கணுக்கால் வரைக்கும் உப்புத் தண்ணீரில், வெயில் மேலேயிருந்தும் அடிக்கும் கீழேயிருந்தும் அடிக்கும். அம்மாவும் நிற்கிறாள், நானும் நிற்கிறேன். இல்லை, ஒப்பிடாதே. உனக்கு மேலே மின்விசிறி இருக்கிறது. முனகினாலும் இருக்கிறது.

இரண்டாவது வரிசையில் ஒருவன் பக்கத்துத் தாளைப் பார்க்கிறான். அருகில் போய் நின்றாள், அவன் மேற்கூரையைப் பார்த்தான், பல்லியிடம் விடை கேட்கிற மாதிரி. நகர்ந்தாள். நகர்ந்ததும் திரும்பப் பார்ப்பான். பார்க்கட்டும். எழுத வேண்டியதும் ஈ, பார்த்து எழுதுவதும் ஈ, யாரிடமிருந்து எதைத் திருடுகிறான்? பாடமே அப்படித்தானே நடந்தது இந்தப் பிள்ளைகளுக்கு. மூலை விளையாட்டு. அருளானந்தம் சார் கண்டுபிடித்தது, மாவட்டத்தில் பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறாராம். வகுப்பின் நாலு மூலைக்கு நாலு பெயர், இயல் எண்கள், முழுக்கள், பின்னங்கள், விகிதமுறு எண்கள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு எண் சீட்டு. விசில் ஊதினால் ஓடி அவரவர் மூலையில் நிற்க வேண்டும். ஓட்டம், கூச்சல், புழுதி, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அவள் சேர்ந்த புதிதில் கதவோரம் நின்று பார்த்தாள். ஆறின் கீழ் மூன்று சீட்டு வைத்திருந்த பையன் நடு வகுப்பில் நின்றுவிட்டான். விசில் ஊதி எல்லோரும் ஒண்டிவிட்டார்கள், அவன் மட்டும் நடுவில், சீட்டைப் பார்க்கிறான், அந்த மூலையைப் பார்க்கிறான், இந்த மூலையைப் பார்க்கிறான். “ஏல, உன் சாதிக்காரன் எங்க நிக்கான்னு பாத்து அங்க போய் நில்லுல” என்று எவனோ கத்த எல்லோரும் சிரித்தார்கள். பையன் முழுக்கள் மூலைக்குப் போனான். சார் போய்க் காதைப் பிடித்து, வலிக்காமல்தான், சிரித்துக்கொண்டேதான், பின்னங்கள் மூலைக்கு இழுத்து வந்து விட்டார். “ஒரு எண்ணு ஒரு மூலையிலதான் நிக்கும். ரெண்டு மூலையில கால் வைக்கப் பாத்தா நடுவுல விழுந்துருவே.” அவன் சரியாகத்தான் போனான். அவன் எல்லா மூலையிலும் நிற்கலாம். ஆறின் கீழ் மூன்று என்பது இரண்டு, இயல் எண், முழு, பின்ன உடையில் வந்த முழு, விகிதமுறு எண். ஒரே ஆள். அந்தப் பையன் அன்றைக்குப் பிறகு கணக்கில் கையே தூக்கவில்லை. அதோ நாலாவது வரிசை, சன்னலோரம், நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

அதற்காகத்தான் அவள் வட்டம் போட்டாள். மூலை வேண்டாம், வட்டம். கோலப்பொடி வாங்கி வந்து, சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பில், விளையாட்டு மைதானத்தில், பிள்ளைகளையே கயிறு பிடிக்கவைத்துப் பெரிதாக ஒரு வட்டம், விகிதமுறு எண்கள், வெளிமதில் மாதிரி. அதற்குள்ளே இரண்டு வட்டம், ஒன்று முழுக்கள், ஒன்று பின்னங்கள், இரண்டும் ஒன்றையொன்று கொஞ்சம் ஏறி நிற்கும். மைனஸ் ஏழு வா. முழுக்கள் வட்டத்தில் நின்றது, நின்றதாலேயே பெரிய வட்டத்திலும் நின்றது, யாரும் அதை வெளியே தள்ள முடியாது. முக்கால் வா. பின்னத்தில் நின்றது. ஆறின் கீழ் மூன்று, இரண்டு வட்டமும் ஏறிய இடத்தில் காலை அகட்டி ராஜா மாதிரி நின்றான் ஒருவன். மைனஸ் இரண்டின் கீழ் ஐந்து எங்கே போவாள்? மெர்லின்தான் அந்தச் சீட்டு. முழுவில் காலை வைத்தாள், எடுத்தாள். பின்னத்தில் வைத்தாள், “மைனஸ் போட்ட பங்கு உண்டுமா மிஸ்? கேக்குல மைனஸ் துண்டு யாரு தின்பா?” என்று கேட்டு அதையும் எடுத்தாள். கடைசியில் இரண்டு வட்டத்துக்கும் வெளியே, பெரிய வட்டத்துக்கு உள்ளே, தனியாக நின்றாள். “நான் இங்கதான் மிஸ். யாருகூடயும் இல்ல. ஆனா வெளியேயும் இல்ல.” எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்த வெயிலில். திங்கட்கிழமை வந்து பார்த்தால் மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். “பிரேயர் நடக்கிற இடத்துல கோலம் போட்டு வச்சிருக்காங்கன்னு புகார் வந்துட்டும்மா” என்றார் சார். யார் புகார்? கோலமா அது? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. “சரி சார்” என்றாள். எத்தனை சரி சார். ஒவ்வொரு சரி சாருக்குக் கீழேயும் எழுதாமல் ஒன்று நிற்கிறது, அதை ஒருநாள் எல்லாம் சேர்த்து எழுதினால் தாள் தாங்காது.

மெர்லின் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். சகாய மெர்லின், எட்டு ஆ. இடது கையால் எழுதுகிறவள், அதனால் தாளைக் கோணலாக வைத்திருக்கிறாள். போன வாரம் மரத்தடியில், வேறு எதையோ பேசுகிற மாதிரி, “இ பிரிவுல போட்டா மாமா எறால் கம்பெனிக்கு அனுப்பிருவேன்னு சொல்லுதாரு மிஸ். உரிக்கிறதுக்கு” என்றாள். விரலைக் காட்டினாள். விடுமுறையில் ஏற்கெனவே போயிருக்கிறாள், விரல் நுனியெல்லாம் ஐஸ் தின்று வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. ஒன்றும் இல்லை மெர்லின், நீ நல்லாத்தானே படிக்கிறே, என்று சொன்னாள் பத்திரகாளி. நல்லாப் படிக்கிறவளுக்குத்தானே பதினேழில் கண்ணி இருக்கிறது! படிக்காதவன் கோடு இல்லாததைப் பார்த்து ஈ என்று போட்டுவிட்டுப் போவான். புரிந்தவள் மாட்டுவாள். போன வருடம் அ பிரிவின் கடைசிப் பெயருக்கும் ஆ பிரிவின் முதல் பெயருக்கும் இடையில் ஒரு மார்க். ஆ-வுக்கும் இ-க்கும் இடையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். மெர்லின் எழுதுவதை நிறுத்தியிருக்கிறாள். பேனா மூடியைக் கடிக்கிறாள். எந்தக் கேள்வி? பார்க்காதே. அந்தப் பக்கம் போகாதே. போனால் தெரியும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும். சுவரைப் பார். சுவரில் முன்னோர் சொன்ன பொன்மொழி. அதைப் படி.

ஆள் எத்தனை? அதுதான் அவளுக்கு முதலில் தெரிந்த கணக்கு. முழுப்பரீட்சை லீவில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போவார்கள், அவளும் அக்கா பேச்சித்தாயும். விடியும்போது கங்காணி வரப்பில் நின்று கத்துவான், “ஆள் எத்தன?” அந்தப் பக்கத்திலிருந்து பதில் போகும், “நாலு முழுசு, ரெண்டு அரை!” அந்த இரண்டு அரை அவர்கள்தான். அரையாள். அக்காவும் தங்கையும் சேர்ந்தால் ஒரு ஆள். பன்னிரண்டு வயதில் அவள் ஒன்றின் கீழ் இரண்டு. யாரும் கேவலப்படுத்திச் சொன்னதில்லை, உப்பு வெள்ளை என்கிற மாதிரி சொல்வார்கள். ஒரு நாள் அக்கா உள்ளங்காலில் புண் பழுத்துப் படுத்துவிட்டாள். இவள் மட்டும் போனாள். கங்காணி ஏறிட்டுப் பார்த்தான். “அரையை வச்சு நான் என்ன செய்ய? உப்பை அரை வாரியா வாரப் போறே? முழுசா வந்தா வா, இல்லேன்னா வீட்டைப் பாத்துப் போட்டி.” அம்மா பாத்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவையும் சேர்த்து அனுப்புவான். அன்றைக்கு வரப்பில் திரும்பி நடந்தபோது வந்த கோபம் எங்கே போயிற்று என்று ரொம்ப நாள் தேடினாள். எங்கேயும் போகவில்லை. ஒன்பதாவதில் கணக்கு டீச்சர், பெரிய வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து, இதற்குள்ளே அரையும் உண்டு, முழுசும் உண்டு, கடன்பட்ட எண்ணும் உண்டு, எல்லாம் ஒரே இனம், என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியாது மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரையும் உண்டு. வெளியே இல்லை. அதற்காகத்தான் கணிதம் படித்தாள். கல்லூரியில் சேரும்போது சொன்ன காரணமெல்லாம் பொய். இதுதான். அதைத்தான் கோடு இல்லை என்று சொல்லி வெளியே நிறுத்துகிறார்கள், கோட்டு சூட்டு என்று சிரிக்கிறார்கள். அம்மா அன்றைக்குப் பாத்தியிலே வாய் திறக்கவில்லை. நானும் காலையில் சரி சார். நான் படித்த பெண், நான் பட்டதாரி, நான் கண்காணிப்பாளர், கங்காணி.

கங்காணி! அந்தச் சொல் வந்ததும் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

“மிஸ்.”

மெர்லின் எழுந்து நிற்கிறாள். வகுப்பு முழுக்கத் தலை நிமிர்கிறது. “மிஸ், பதினேழுல விடையே இல்ல மிஸ்.” பின்வரிசையில் ஒரு சிரிப்பு. “ஏட்டி உக்காரு, ஈ-தான்” என்று ஒருவன் வாய்க்குள் சொல்வது எல்லோருக்கும் கேட்கிறது. மெர்லின் திரும்பி, “நீ பேசாதல, ஒனக்கு ரொம்பத் தெரியும்” என்றாள். பிறகு பத்திரகாளியைப் பார்த்தாள். சந்தேகம் கேட்கிற பார்வை இல்லை அது. நீங்கதானே கோலப்பொடியில நிக்க வச்சீங்க, என்கிற பார்வை. வராந்தாவில் அருளானந்தம் சாரின் செருப்புச் சத்தம், ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார், வாசலுக்கு இன்னும் ஒரு அறைதான். ஆமாம், விடை இல்லை, நீ சொல்வது சரி. இவ்வளவுதான். இப்போதே சொல். சொன்னால் இந்த அறை முழுக்கப் பதினேழை எழுதாமல் விடும், துளைக்குள் கறுப்பு தெரியாது, இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு மார்க் போகும், பக்கத்து அறையில் தெரியாமல் ஈ போட்டவனுக்கு வரும். நிஜத்தைச் சொன்னால் இவர்களுக்குத்தான் நஷ்டம், அப்படி ஒரு அட்டை! சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் இவள் ஒருத்திக்கு நஷ்டம். ஈ போடு என்று சொல்லிவிடலாமா? கணக்கு வேறு, மார்க்கு வேறு, ஈ போட்டுட்டுப் போ மெர்லின், எறால் உரிக்கப் போகாதே. எல்லாவற்றையும்விட அதுதான் அசிங்கமாக இருந்தது, எல்லாவற்றையும்விட அதுதான் அன்பாகவும் இருந்தது. செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. வாய் திறந்தது. அது அவள் திறந்த வாய் இல்லை.

“படிச்சுப் பாரு.”

அவள்தான் சொன்னாள். அவள் குரலில்தான் வந்தது. வாசலில் சார் தலையை ஒரு முறை அசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். மெர்லின் இன்னும் ஒரு கணம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, அழுதிருந்தாலாவது. பத்திரகாளிக்கு வரப்பில் நிற்கிற மாதிரி இருந்தது, ஆனால் இந்தத் தடவை எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்தது. யார் மேல் கோபப்பட? சார் மேல் பட்டாயிற்று, அட்டை மேல் பட்டாயிற்று, பாத்தியில் பேசாமல் நின்ற அம்மா மேல் இத்தனை வருடம் பட்டாயிற்று. இனி மிச்சம் இருப்பது ஒரு ஆள்தான். நடந்தாள். குதிகாலைத் தூக்காமல், செருப்பு சத்தம் போட நடந்தாள். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள், பார்க்கட்டும். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது நிற்காமல் குனிந்து பார்த்தாள். மெர்லின் பதினேழுக்கு நேராக, நாலு வட்டம் முடிகிற இடத்துக்கு அப்பால், ஒன்றும் அச்சடிக்காத ஓரத்தில், தானாகவே ஐந்தாவதாக ஒரு வட்டம் வரைந்திருக்கிறாள். பக்கத்தில் உ என்று எழுதியிருக்கிறாள். உ) எதுவும் இல்லை. அந்த வட்டத்தை இடது கையால், கோணல் தாளில், ஓரம் பிசகாமல் கறுப்பாக்கிக்கொண்டிருக்கிறாள். அழுத்தி அழுத்தி, தாள் கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி. அங்கே துளை இல்லை மெர்லின். அங்கே அட்டை. வெறும் அட்டை. பத்திரகாளி பார்த்துக்கொண்டே நின்றாள். படிச்சுப் பாரு என்று சொன்னேன், படித்துப் பார்த்திருக்கிறாள். பெரிய வட்டத்துக்குள்ளே, எந்தச் சின்ன வட்டத்திலும் இல்லாமல். யாருகூடயும் இல்ல, ஆனா வெளியேயும் இல்ல.

மணி அடித்தது. தாள்களை வாங்கினாள். வரிசை எண் படி அடுக்கினாள். நூல் கோத்துக் கட்டினாள். ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோனாள். சார் சாப்பிடப் போயிருந்தார். மேஜை மேல் சல்லடை இருந்தது, பக்கத்தில் பென்சில், பென்சில் சீவுகிற பிளேடு, தேநீர் டம்ளர் வைத்த ஈர வட்டம். அறையில் வேறு யாரும் இல்லை. இதுவரைக்கும்தான் அவள் கோமதியிடம் சொன்னது. அப்புறம் என்ன செய்தே என்று கோமதி கேட்டதற்கு, “அப்புறம் என்ன, வீட்டுக்கு வந்தேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாளாம். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இது. அந்த ஜூனில் பத்திரகாளியைத் திரும்பக் கூப்பிடவில்லை. எதற்காக என்று யாரும் சொல்லவில்லை, தீர்மானத்தில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயர் என்னுடையது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், வேலை கிடைத்ததும் யாருடைய இடம் என்று விசாரிக்கிற தைரியம் எனக்கு வரவில்லை, கோமதியைப் பிறகுதான் பழக்கம். இப்போது நான் ஒன்பதாம் வகுப்பு அ பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறேன். அங்கே சகாய மெர்லின் என்று ஒரு பெண் இருக்கிறாள், இடது கைக்காரி, நான் தப்பாகச் சொன்னால் எழுந்து நிற்பாள். போன மாதம் அருளானந்தம் சார் ஓய்வு பெற்றபோது அட்டையை என்னிடம் கொடுத்தார். “பதினேழுல ஓரமா ஒரு ஓட்டை கூடக் கிடக்கும், போன வருஷம் திருத்தும்போதே இருந்துச்சு. எலி கடிச்சிருக்கும். நான் ஒண்ணும் செய்யலை, நீங்களும் அதை அப்படியே விட்டுருங்க” என்று சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். வீட்டுக்குக் கொண்டுவந்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்றத் துளைகள் எல்லாம் உருண்டை. ஈ-யின் துளையை யாரும் அடைக்கவில்லை. அதற்கப்பால், ஓரத்தில், ஒரு துளை சதுரமாக இருக்கிறது. விரலை விட்டுத் தடவினேன். எலி கடித்தது இல்லை. நாலு பக்கமும் நேர், பிளேடு வெட்டு.